மிதிவண்டி நாடு

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கே, கடலை ஒட்டி அமைந்த சிறிய நாடு நெதர்லாந்து. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தங்கி வாணிகம் நடத்திய ஒல்லாந்தரின் தாயகம் இதுவே. கடல்நீரைக் கரைகட்டித் தடுத்து, அடியில் கிடந்த மண்ணை விளைநிலமாக்கிய மக்கள் என்னும் புகழ் அவர்களுக்கு நெடுநாளாக உண்டு. இக்காலத்தில் அப்புகழோடு மற்றொன்றும் சேர்ந்துள்ளது. அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம். அங்குள்ள மிதிவண்டிகளோ 2 கோடிக்கும் மேற்பட்டவை. நாட்டில் மேற்கொள்ளப்படும் பயணங்களில் நான்கில் ஒன்று மிதிவண்டியில் நிகழ்கிறது.

அந்நாட்டு ஊர் ஒன்றில், காலை எட்டு மணிக்குத் தெருமுனையில் நின்று நோக்குவோர் இனிய காட்சி ஒன்றைக் காண்பர். பள்ளிச் சிறுவர் இருவர் இருவராக அணிவகுத்து, பேசிச் சிரித்தபடி மிதிவண்டியில் செல்வர். வண்டியின் முன்புறத்தில் பொருத்திய மரப்பெட்டியில் இரண்டு குழந்தைகளை அமர்த்திக்கொண்டு தாய் ஒருத்தி மிதித்து வருவாள். அவளுக்குப் பின்னே அலுவலகத்திற்குச் செல்லும் ஒருவர் வருவார். நரைத்த தலையினராகிய முதியோர் ஒருவர் காய்கறிப் பையோடு அவரை முந்திச் செல்வார். மழை தூறினாலும் இவ்வூர்வலம் நிற்பதில்லை. இவர்கள் கார் வாங்க இயலாத ஏழைகள் அல்லர். அந்நாட்டில் ஏறத்தாழத் தொண்ணூறு இலட்சம் கார்கள் உண்டு. ஆயினும் பள்ளிக்கும் கடைக்கும் இரயில் நிலையத்திற்கும் செல்வதற்குப் பலர் காரைத் தொடுவதில்லை.

இதற்குக் காரணம் யாது? நிலம் மேடுபள்ளமின்றித் தட்டையாக இருத்தலே காரணம் என்பர் சிலர். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் முழுமையான விடைகள் ஆகா. 1971-ஆம் ஆண்டிலும் அந்நிலம் தட்டையாகத்தான் இருந்தது. மிதிவண்டி வழக்கமும் அந்நாட்டில் அப்போது பழையதே. எனினும் அவ்வோர் ஆண்டில் மட்டும் நெதர்லாந்தின் சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நானூற்றுக்கு மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். தட்டையான நிலமும் பழைய வழக்கமும் அவர்களைக் காக்கவில்லை.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதை அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நெதர்லாந்து விரைந்து செல்வம் பெற்றது. செல்வம் வந்தவர் கார் வாங்கினர். கார்களுக்கு இடம் தேவைப்பட்டது. பழைய நகரங்களோ நடப்பவருக்கும் குதிரைவண்டிக்கும் படகுக்கும் ஏற்ப அமைந்தவை. எனவே நகரை மாற்றிவிடுவதே முன்னேற்றம் என்று அக்காலத்து வல்லுநர் பலர் கருதினர். 1954-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காவல்துறைத் தலைவரே, நகரின் புகழ்பெற்ற கால்வாய்கள் சிலவற்றைத் தூர்த்துச் சாலைகளும் கார் நிறுத்தும் இடங்களும் அமைக்கலாம் என்று திட்டம் கூறினார். நல்லவேளையாக அது நிறைவேறவில்லை. 1967-இல் அமெரிக்கப் பொறியாளர் ஒருவர், குடியிருப்புகளை இடித்து நகரின் உள்ளே பெருஞ்சாலைகளைக் கொண்டுவரும் திட்டம் ஒன்றை வெளியிட்டார். அதுவும் ஏட்டளவில் நின்றது. ஆனால் உட்ரெக்ட் என்னும் பழம்பெரும் நகரம் அவ்வாறு தப்பவில்லை. நகரைச் சூழ்ந்த பண்டைய அகழியின் ஒரு பகுதி 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீர் வடிக்கப்பட்டு, மோட்டார் வண்டிகளுக்குரிய அகன்ற சாலையாயிற்று.

சாலைகள் அகலமாயின, நடைபாதைகள் குறுகின. மிதிவண்டிக்கென இருந்த ஓரப் பாதைகள் பல மறைந்தன. இங்கே ஒரு நச்சுச் சுழல் தோன்றியது. கார்கள் மிகுந்தமையால் தெருவில் நடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் இடர் நிறைந்தனவாயின. இடர் கண்டு அஞ்சிய பெற்றோர் தம் பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் பள்ளிக்கு அனுப்பினர். அதனால் தெருவில் கார்கள் மேலும் மிகுந்தன. அடுத்த வீட்டாரும் அஞ்சித் தாமும் காரை எடுத்தனர். யாரும் தீங்கு நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் குழந்தையைக் காக்கவே முயன்றனர். ஆயினும் எல்லாருடைய குழந்தைகளுக்கும் தீங்கு பெருகிற்று.

இச்சுழலை முதலில் எதிர்த்தவர்களுள் சிறுவர்களும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. ஆம்ஸ்டர்டாம் நகரில் டி பைப் என்பது ஒரு பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அப்பகுதியில் வீடுகள் நெருக்கமானவை, தெருக்கள் ஒடுங்கியவை. வீட்டினுள் ஓடியாட இடமில்லை. தெருவிலோ இருமருங்கும் கார்கள் வரிசையாக நின்றன. எஞ்சிய நடுவழியில் கார்கள் விரைந்தன. 1972-ஆம் ஆண்டில் அப்பகுதிப் பள்ளிப் பிள்ளைகள், தங்களுக்கு விளையாடுவதற்குக் கார் இல்லாத தெரு ஒன்று வேண்டும் என்று கேட்டனர். கேட்டதோடு நில்லாமல் வீடு வீடாகச் சென்று கையொப்பம் வாங்கினர். ஒருநாள் தாங்களே தெருவின் குறுக்கே தடைகளை வைத்து வழியை மறித்தனர். கார் ஓட்டி வந்த பெரியவர் சிலர் சினந்தனர். தடைகளை விலக்க முற்பட்டனர். சிறுவர் அசையவில்லை. இந்நிகழ்ச்சிகள் அவ்வாண்டிலேயே தொலைக்காட்சியில் ஆவணப்படமாகக் காட்டப்பட்டன. கார் நிற்பதற்குத் தெருவில் இடம் உண்டு, குழந்தை ஆடுவதற்கு இடம் இல்லையா என்னும் வினா அப்படத்தைக் கண்டோர் நெஞ்சில் தைத்தது.

அதே காலத்தில் மற்றொரு துயரமும் நாட்டை அசைத்தது. விக் லாங்கன்ஹாஃப் என்னும் செய்தியாளரின் சிறுமகள் பள்ளிக்கு மிதிவண்டியில் சென்றபோது காரால் மோதுண்டு இறந்தாள். மகளை இழந்த தந்தை 1972-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒரு நாளிதழில் கட்டுரை எழுதினார். தம் மகளுக்காக மட்டும் அவர் வருந்தவில்லை. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் சாகவும் நாடு அதனைப் பொருட்படுத்தாது இருத்தலை எடுத்துக்காட்டிப் பெற்றோரை ஒன்றுசேர அழைத்தார். குழந்தைக் கொலையை நிறுத்துக என்னும் பொருள்பட அவர் இட்ட தலைப்பே பின்னர் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தந்தைமாரும் அதில் சேர்ந்தனர். சிறுவரோடு சேர்ந்து மிதிவண்டியில் ஊர்வலம் சென்றனர். விபத்து நேர்ந்த தெருக்களை மறித்தனர். அவர்கள் வெறுமனே முழக்கமிட்டோர் அல்லர். எந்தத் தெருவில் எதனை மாற்றினால் உயிர் பிழைக்கும் என்பதனை வரைந்து காட்டி, அரசினரிடம் அளித்தனர். அவ்வியக்கத்தின் வலிமை பெரிதும் அதில்தான் இருந்தது.

1973-ஆம் ஆண்டு அக்டோபரில், மேலை ஆசியாவில் நிகழ்ந்த போரை ஒட்டி அரபு நாடுகள் நெதர்லாந்திற்கு எண்ணெய் அனுப்ப மறுத்தன. பெட்ரோல் அரிதாயிற்று. அப்போது தலைமை அமைச்சராக இருந்த யோப் டென் அவுல், ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டலாகாது என அறிவித்தார். நவம்பர் 4-ஆம் நாள் முதல் சில கிழமைகள் இவ்வாணை நடைமுறையில் இருந்தது. அந்த ஞாயிறுகளில் பெருஞ்சாலைகள் வெறிச்சோடின. அவ்வெறுமை மக்களுக்குத் துன்பமாக இருந்திருக்கும் என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் பலருக்கு அது விழாவாயிற்று. சிறுவர் சக்கரக் காலணி அணிந்து பெருஞ்சாலையில் உருண்டனர். குடும்பத்தோடு மிதிவண்டி ஏறிச் சென்றோர் பலர். சிலர் குதிரை ஏறியும் சென்றனர். பல ஆண்டுகளாகக் கேளாதிருந்த அமைதியைத் தெருக்கள் ஒருநாள் கேட்டன. கார் இல்லாத தெரு எவ்வாறு இருக்கும் என்பதை விளக்கப் பெற்றோர் இயக்கத்தார் ஆயிரம் கூட்டங்கள் நடத்தியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக விளக்கியிருத்தல் அரிது.

1975-ஆம் ஆண்டில் மிதிவண்டி ஓட்டுவோர் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அரசும் செவிசாய்த்தது. டில்பர்க், ஹேக் என்னும் இரு நகரங்களில் மிதிவண்டிக்கே உரிய நல்ல பாதைகளை முன்மாதிரியாக அமைக்கப் பொருளுதவி செய்தது. பாதைகள் அமைந்தன. ஹேக் நகரத்து வணிகர் சிலர், கார் வாராவிடில் வாணிகம் கெடும் என எதிர்த்தனர். அது பெரிய தடையாகவில்லை. உண்மையான ஏமாற்றம் வேறிடத்திலிருந்து வந்தது. புதிய பாதையில் மிதிவண்டிகள் பெருகின. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பக்கத்துத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தவையே. புதிதாக மிதிவண்டி ஏறியவர் மிகுதியாக இல்லை. பெரும்பொருள் செலவிட்டும் பயன் சிறிதாயிற்றே என வல்லுநர் எண்ணமிட்டனர்.

விடை டெல்ப்ட் நகரில் கிடைத்தது. ஒருவர் வீட்டு வாயிலிலிருந்து புறப்பட்டுத் தாம் விரும்பும் இடத்தை அடைய வேண்டுமானால், வழியின் நடுவே உள்ள ஒரு நல்ல துண்டு அவருக்குப் பயன்படாது. பயணத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ஆபத்தான சந்திப்பு ஒன்று இருக்குமாயின், தாய் தன் பிள்ளையை விடமாட்டாள். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே அன்றோ! எனவே டெல்ப்ட் நகரத்தார் 1980-ஐ அடுத்த ஆண்டுகளில் நகர் முழுமைக்கும் வலைபோலப் பாதைகளைப் பின்னினர். நகரை ஊடறுக்கும் பெரிய பாதைகள் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தன. அவற்றினிடையே பகுதிப் பாதைகள் இருநூறு முந்நூறு மீட்டருக்கு ஒன்றாகவும், குடியிருப்புகளினூடே சிறு பாதைகள் நூறு மீட்டரை ஒட்டியும் சென்றன. கால்வாய் குறுக்கிட்ட இடத்தில் சிறு பாலம் இட்டனர். இருப்புப்பாதை குறுக்கிட்ட இடத்தில் அடியில் வழி குடைந்தனர். இப்போது மிதிவண்டிப் பயணங்கள் மெய்யாகவே பெருகின. மக்கள் முன்னிலும் நெடுந்தொலைவு மிதித்துச் சென்றனர்.

அந்த டெல்ப்ட் நகரமே மற்றொரு புதுமைக்கும் பிறப்பிடம். குடியிருப்புத் தெருக்களில் வண்டிப்பாதை வேறு, நடைபாதை வேறு எனப் பிரிக்காமல், மரங்களும் இருக்கைகளும் வளைவுகளும் வைத்து, தெரு முழுவதையும் நடப்பவர்க்கும் விளையாடுபவர்க்கும் உரியதாக்கினர். கார் அங்கே வரலாம். ஆனால் நடைவேகத்தில், விருந்தாளி போல அடக்கமாக வருதல் வேண்டும். 1976-இல் அரசு இவ்வகைத் தெருக்களுக்குச் சட்ட உரிமை அளித்தது. பின்னர் 1983 முதல் குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வண்டி செல்லலாகாது என்னும் விதி பரவலாயிற்று. முப்பது என்னும் எண் மனம் போனவாறு குறித்ததன்று. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மிகும் என்பது இயற்பியல். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே காரைப் போல நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். முன்னதில் உயிர் போகும் ஆபத்து பன்மடங்கு மிகுதி. பின்னதில் பெரும்பாலோர் பிழைப்பர்.

மனிதன் தவறு செய்யும் இயல்பினன் என்பதை ஒல்லாந்தர் மறைக்கவில்லை. சிறுவன் பந்தைத் துரத்தி ஓடுவான். ஓட்டுநர் ஒரு நொடி கவனம் இழப்பார். அறிவுரையால் இவற்றை முற்றிலும் ஒழிக்க இயலாது. ஆதலால் தவறு நேர்ந்தாலும் உயிர் போகாதவாறு சாலையை அமைத்தல் வேண்டும் என்பது 1990-ஐ அடுத்த ஆண்டுகளில் அந்நாட்டுச் சாலைப் பொறியியலின் அடிப்படையாயிற்று. விரைந்து செல்லும் வண்டிகளுக்குத் தனிச்சாலை. அங்கே மிதிவண்டிக்கு இடமில்லை, அதற்குத் தனிப்பாதை உண்டு. இரண்டும் ஒன்றாகச் செல்லும் தெருவிலோ விரைவுக்கு இடமில்லை. சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. பதினான்கு வயது நிரம்பாத சிறுவரைக் கார் மோதினால், சிறுவர் மீது தவறு இருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு பொதுவாகக் கார் உடையவரையே சாரும். வலியவன் மெலியவனுக்காக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கருத்து.

மிதிவண்டி எல்லாத் தொலைவுக்கும் ஏற்றதன்று. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்திற்கு நாள்தோறும் மிதித்துச் செல்வார் யார்? அங்கேதான் இரயில் வண்டி துணைவருகிறது. இவ்விரண்டின் நட்பை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இரயில் நிலையத்திற்குக் கால்மணி நேரத்தில் நடந்து வருபவர் ஒன்றேகால் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருவார். அதே கால்மணி நேரத்தில் மிதிவண்டியில் வருபவர் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருவார். தொலைவு மூன்று மடங்கு. ஆனால் நிலையத்தைச் சூழ்ந்த வட்டத்தின் பரப்போ ஒன்பது மடங்கு. நடப்பவரை மட்டும் நம்பிய நிலையத்திற்குப் பத்தாயிரம் பேர் எட்டும் தொலைவில் இருப்பின், மிதிவண்டியால் தொண்ணூறாயிரம் பேர் எட்டுவர். இதனால்தான் அந்நாட்டு இரயிலில் செல்வோருள் பாதியை நெருங்கிய பகுதியினர் வீட்டிலிருந்து நிலையத்திற்கு மிதிவண்டியில் வருகின்றனர். இறங்கும் ஊரில் மிதிவண்டி இல்லையே என்னும் குறையும் தீர்க்கப்பட்டது. 2003 முதல் நிலையங்களில் குறைந்த வாடகைக்கு மிதிவண்டி தரும் ஏற்பாடு நாடெங்கும் வளர்ந்துள்ளது.

உட்ரெக்டுக்கு அருகே உள்ள ஹௌட்டன் என்னும் ஊர் இக்கருத்துகளைத் தொடக்கத்திலிருந்தே மனத்தில் கொண்டு அமைத்தது. சிற்றூராக இருந்த அதனை ஐம்பதினாயிரம் பேர் வாழும் ஊராகப் பெருக்கியபோது, திட்டமிட்டோர் ஊரைச் சுற்றி ஒரு வட்டச்சாலை இட்டனர். ஊர்ப் பகுதிகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் காரில் கடக்க இயலாது. வட்டச்சாலைக்குச் சென்று சுற்றியே வருதல் வேண்டும். நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் ஊரின் நடுவே நேர்வழி உண்டு. அவ்வழியை ஒட்டியே பள்ளிகள் எழுந்தன. ஊர் நடுவில் இரயில் நிலையம். அதன் அடியிலேயே மிதிவண்டி நிறுத்துமிடம். கார் அங்கே தடைசெய்யப்படவில்லை. கார் சுற்றிச் செல்கிறது, கால் நேரே செல்கிறது, அவ்வளவே. அவ்வூர்ப் பிள்ளைகளிடம் காரைத் தவிர்க்குமாறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை ஏற்பாடுகளோடும் பயிற்சியை அவர்கள் கைவிட்டிலர். தொடக்கப் பள்ளியின் இறுதி ஆண்டுகளில் மாணவர் சாலைவிதித் தேர்வு எழுதுகின்றனர். எழுத்துத் தேர்வோடு, மிதிவண்டியில் தெருவில் சென்று காட்டும் செய்முறைத் தேர்வும் உண்டு. வழிநெடுக ஆங்காங்கே நிற்கும் தொண்டர்கள், மாணவன் திரும்பும்போது கைகாட்டினானா, பின்னே நோக்கினானா என்று குறித்துக்கொள்வர். பன்னிரண்டு வயதில் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் அதன்பின் ஊர்விட்டு ஊர் கூட்டமாக மிதித்துச் செல்கின்றனர்.

பயன் யாது என்பதற்கு எண்களே சான்று. 1971-இல் நானூற்றுக்கு மேற்பட்ட சிறுவரை விழுங்கிய சாலைகளில், 2010-ஆம் ஆண்டில் இறந்த சிறுவர் தொகை இருபதையும் எட்டவில்லை. ஆயினும் எல்லாம் நன்றாய் முடிந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. அண்மைக் காலத்தில் முதியோர் பலர் மின்விசையால் விரைந்தோடும் மிதிவண்டிகளை ஓட்டுகின்றனர். 2022-ஆம் ஆண்டில் சாலையில் இறந்த எழுநூற்றுக்கு மேற்பட்டோருள் மிதிவண்டி ஓட்டியவர் தொகையே பிற பிரிவினரைவிட மிகுதி, அவர்களுள்ளும் முதியோரே மிகுதி. விரைவுமிக்க புதிய வண்டிகளுக்குப் பழைய பாதை போதுமா என்பது இப்போது அங்கே எழுந்துள்ள வினா. சில பள்ளிகளின் வாயிலில் காலையில் கார்கள் நெருக்குவதும் இன்னும் உண்டு.

உட்ரெக்டில் அகழியின் நீரை வடித்து இட்ட அகன்ற சாலை என்ன ஆயிற்று? நெடுங்காலம் அது நகரின் நடுவே ஒரு வடுவாகக் கிடந்தது. 2002-ஆம் ஆண்டில் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது; அகழி மீண்டும் வேண்டும் என்னும் திட்டத்தையே அவர்கள் தேர்ந்தனர். வேலை நெடிது சென்றது. அருகிலுள்ள இரயில் நிலையத்தின் கீழே மூன்று அடுக்குகளில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு மிதிவண்டிகள் நிற்கும் கூடம் எழுந்து, 2019-இல் நிறைவுற்றது. தெருவிலிருந்து மிதித்தபடியே அதனுள் நுழைந்து, தன் இடத்தருகே இறங்கி, சில நொடிகளில் இரயில் மேடைக்கு ஏறலாம். அடுத்த ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சாலை கிடந்த இடத்தில் நீர் பாய்ந்தது. அகழி அரை நூற்றாண்டுக்குப் பின் வட்டமாக நிறைந்தது. சாலையாக இருந்தபோது கார்கள் விரைந்த அதே பள்ளத்தில் அன்று படகுகள் மிதந்தன. கரையோரப் பாதையில் மிதிவண்டிகளை நிறுத்திவிட்டு மக்கள் நீரை நோக்கி நின்றனர்.